வந்த சீனி, இருக்கிற சீனி

போன கிழமை நான் உங்கட கிளினிக்கில, பச்சைப் பெஞ்சில, மற்ற ஆக்களோட ஆக்களா விரலை நீட்டிக்கொண்டு குந்தி இருந்தன். என்னைத் தெரியாத ஒரு புது நேர்ஸ் பிள்ளை என்ட விரலைக் குத்திப்போட்டு மெசினைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, மறுகா மெசினைப் பார்த்தா. "என்னம்மா தின்னுட்டு வந்தீங்க?" எண்டு ஒரு அதட்டு. எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமப் போயிட்டு. அதே பெஞ்சுக்கு முன்னால நிண்டு, அதே குரலில, நான் எத்தினை வருசம் அதட்டின அதட்டு அது.

அந்தப் பிள்ளையில ஒரு குறையும் சொல்லமாட்டன். அவ கேட்டது சரி. அண்டைக்கு வெள்ளண காத்தான்குடித் தொதல் இனிப்பு ரெண்டு துண்டை வாயில போட்டுக்கொண்டுதான் நாவற்குடாவில பஸ் ஏறினன். கள்ளியைக் கள்ளி எண்டு பிடிச்ச பிள்ளையைப் பாராட்டத்தான் வேணும். ஆனா எனக்குப் பக்கத்தில இருந்த மனிசி என்னைப் போலக் கள்ளி இல்ல. அவட சீனியும் ஏறித்தான் இருந்தது, அவவுக்கும் அதே அதட்டு விழுந்தது. அவ தலையைக் குனிஞ்சா. அந்தக் குனிஞ்ச தலையைக் கண்ட நேரம்தான், உங்களைக் கூப்பிட்டு வெச்சு ஒரு கதை சொல்லவேணும் எண்டு எனக்கு வந்தது.

நான் இந்த ஆஸ்பத்திரியில நேர்ஸாச் சேர்ந்து, கடைசியில இந்தச் சீனிக் கிளினிக்குக்குப் பொறுப்பா நிண்டு பென்சன் எடுத்தவள். ஊசி போடுறதையும் கார்ட் எழுதுறதையும் உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்ல, என்னைவிடச் சுறுக்காச் செய்வீங்க. நான் சொல்லப்போறது ஒரு டொக்டர்ர கதை, ஒரு போடியார்ர கதை. இடையில ஒரு ஆனையும் வரும்.

டொக்டர்ர பேர் வேணாம். சொன்னா அவவுக்குப் பிடிக்காது. எங்கட கிளினிக்குக்குப் பெரிய டொக்டரா வந்த நேரம் அவவுக்கு என்ட மூத்த மகளைவிடக் கொஞ்சம்தான் வயசு கூட. சின்ன உருவம். வெள்ளைக் கோட்டுக்குள்ள ஆள் இருக்கா எண்டு தேடித்தான் பாக்கவேணும். கதையும் குறைவு. இவ என்னத்தை வெட்டிக் கிழிக்கப் போறா எண்டுதான் நாங்க முதல்ல நினைச்சம்.

வந்த மாசமே எங்களுக்கு ஒரு தலையிடியைக் குடுத்தா. சீனி ஏறின ஆள் முன்னால வந்து குந்தினா, என்ன தின்னீங்க எண்டு கேக்கமாட்டா. "எப்படி வந்தீங்க?" எண்டு கேப்பா. அதென்ன கேள்வி? பஸ்சில வந்தன், ஆட்டோவில வந்தன், மகன் ஏத்திக்கொண்டு வந்தவன் எண்டு ஆக்கள் சொல்லுவாங்க. அவ விடமாட்டா. பஸ்சில இடம் கிடைச்சதா, வழியில என்ன நடந்தது, வீட்டில ஆரை விட்டுப்போட்டு வந்தீங்க எண்டு கதை கேப்பா. கேட்டுப்போட்டுச் சில ஆக்களை யன்னலடிப் பெஞ்சில இருத்தச் சொல்லுவா. நல்லா நேரம் போன பிறகு இன்னொருக்கா விரலைக் குத்திப் பாக்கச் சொல்லுவா. நாங்க அதுக்கு 'ரெண்டாம் குத்து' எண்டு பேர் வெச்சுச் சிரிச்சம். மெசினுக்குப் போடுற ஸ்ட்ரிப் தட்டுப்பாடான காலம் அது. ஒரு ஆளுக்கு ஒரு குத்துக்கே நாங்க கஞ்சத்தனம் பாத்துக்கொண்டிருந்த நேரம்.

நான் நேரே போய்ச் சொன்னன். "டொக்டர், பெஞ்ச் காணாது, ஸ்ட்ரிப் காணாது, நேரமும் காணாது."

"ஓம் சிஸ்டர், மூண்டும் காணாதுதான்," எண்டா அவ. கோவம் வரல்ல. "ஆனா வந்த சீனி வேற, இருக்கிற சீனி வேற. நாங்க மருந்து குடுக்கவேண்டியது இருக்கிற சீனிக்கு."

இது உங்கட பாடப் புத்தகத்தில ரெண்டு வரியில இருக்கும். படிச்சிருப்பீங்க, சோதினை முடிய மறந்திருப்பீங்க. ஆளுக்குப் பயம் வந்தா, சிறுநீரகத்துக்கு மேல தொப்பி போலக் குந்தியிருக்கிற சுரப்பி அட்ரினலினை விடும். அது ஈரலுக்கிட்டப் போய், வெச்சிருக்கிற சீனியை வெளியில விடு எண்டு சொல்லும். கணையத்துக்கிட்டப் போய், இன்சுலினை விடாத, கையை மடக்கு எண்டு சொல்லும். ஏன்? இன்சுலின் வந்தா ரத்தத்தில இருக்கிற சீனியை அள்ளிக்கொண்டு போய்ச் சேமிச்சு வெச்சிடும். உசிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடுற நேரத்தில சேமிப்பு என்னத்துக்கு? சீனி அப்ப ரத்தத்தில ஓடவேணும், மூளைக்கும் காலுக்கும். கணையமும் ஏன் எதுக்கு எண்டு கேக்காமக் கையை மடக்கிக்கொண்டு நிக்கும். பயம் போன பிறகுதான் விரிக்கும். சுகமான ஆளுக்கு இது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கணையம் ஏற்கனவே களைச்சுப்போன எங்கட சீனிக்காரருக்கு அந்தச் சீனி ஏறி அப்பிடியே நிக்கும். இது போதாதெண்டு கோர்ட்டிசோல் எண்டு ஒண்டு. அது அட்ரினலின் போல ஓடி வந்து ஓடிப் போற சாதி இல்ல. நித்திரை இல்லாத ராக்களிலயும் தீராத யோசினையிலயும் ஊறி வந்து, இன்சுலின்ர சொல்லை உடம்பு கேக்காமப் பண்ணிப்போடும்.

இது மட்டக்களப்பு ஆக்களுக்கு விளங்காட்டி வேற ஆருக்கு விளங்கும், சொல்லுங்க. சண்டைக்குள்ளயும் கடல் ஏறி வந்த நாளிலயும் ஓடி ஓடி உசிர் தப்பின சனம் நாங்க. எங்கட கணையம் கை மடக்கினது கொஞ்சமா? எனக்கு இதை முதல் தரம் அவ விளங்கப்படுத்தின நேரம், வயித்துக்குள்ள ஒளிச்சுக் கிடக்கிற அந்தச் சின்ன உறுப்பில ஒரு மரியாதையே வந்திட்டு. இண்டைக்கும் இருக்கு.

இனிப் போடியார்ர கதைக்கு வாறன். வேலாப்போடியார் எண்டு பேர். பேரில போடி இருக்கு எண்டு பெரிய காணிக்காரர் எண்டு நினைச்சுப்போடாதீங்க. கிரானுக்கு மேற்கால, ஆத்தைத் தாண்டிப் போனா வாற வயல் வட்டையில கொஞ்சக் காணிதான் அவருக்கு. ஆனா அந்த வட்டை முழுக்க அவருக்கு ஒரு மரியாதை. வேளாண்மைக்குள்ள ஆனை இறங்கினா ஆக்கள் முதல் கூப்பிடுறது அவரைத்தான். மற்றவங்க மரத்தில ஏறிக்கொண்டு சத்தம் போடுவாங்களாம், இவர் கீழ நிண்டு வெடி கொளுத்துவாராம். ஆனைக்குப் பயமில்லாத மனிசன் எண்டு அவர்ர பெண்சாதி பூரணம் கிளினிக்கில வெச்சு எங்களுக்கே பெருமை சொல்லுவா.

ஆனைக்குப் பயமில்லாட்டியும் அவர்ர சீனி எங்களுக்குப் பயம் காட்டினது. கிளினிக் நாளில முந்நூறுக்குக் கீழ வந்ததே இல்ல. நாங்க பேசுவம். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். பூரணம்தான் வாதாடுவா. "கண்ணகை அம்மன் அறிய இவர் இனிப்பில கை வெக்கிறல்ல மிஸி. பிளேன்ரீயும் சீனி போடாமத்தான்."

"அவர் வயலுக்குள்ள என்னத்தைத் தின்னுறார் எண்டு அம்மனுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியுமா அக்கா?" எண்டு நான் ஒரு போடு போட்டா, பெஞ்சில இருக்கிற எல்லாரும் சிரிப்பாங்க. போடியாரும் சேர்ந்து சிரிப்பார்.

முதல்ல குளிசையைக் கூட்டினம். மறுகா ஊசி தொடங்கினது. கிளினிக்குக்குக் கிளினிக் ஊசி மருந்து கூடினதே தவிர, மெசின் காட்டுற எண் இறங்கல்ல. பெரிய டொக்டர் வர முதல் நடந்த கதை இதெல்லாம். அவ வந்த பிறகு போடியார் வந்த முதல் கிளினிக் நாளைத்தான் இப்ப சொல்லப்போறன்.

அண்டைக்கு மாரி மழை கொட்டி ஓய்ஞ்ச காலமை. சனம் வாசல் வரைக்கும் நிறைஞ்சு நிக்குது. போடியாரும் பூரணமும் பிந்தி வந்தாங்க. அவர்ர சாரன் முழங்கால் வரைக்கும் சேறு, ஒரு காலில மட்டும் செருப்பு. நான் விரலைக் குத்தினன். முந்நூற்றி ஐம்பதுக்கும் மேல. என்ட சேவிசில அவருக்கு நான் கண்ட ஆகக் கூடின எண் அதுதான்.

பெரிய டொக்டருக்குக் கீழ ஒரு சின்ன டொக்டர் இருந்தார். நல்ல பொடியன், படிப்பில சூரன். அவர் கார்டைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், உடனே ஒரு ஊசி போடச் சொல்லி எழுதினார், வீட்டில போடுற ஊசியையும் கூட்டி எழுதினார். விதிப்படி பார்த்தா ஒரு பிழையும் இல்ல. ஏறிக்கொண்டே போற சீனிக்கு வேற என்ன செய்யிறது? நான் மருந்தை ஊசியில இழுத்து, கிண்ணத்தில வெச்சு, போடியார்ர பக்கம் கிறுகினன்.

பெரிய டொக்டர் அந்த நேரம் வேற ஒரு கார்டை எடுக்க அந்தப் பக்கம் வந்தா. போடியார்ர காலைப் பார்த்தா.

"ஐயா, எப்படி வந்தீங்க?"

"வழமை போலத்தான் டொக்டரம்மா," எண்டார் அவர்.

"ஒத்தைச் செருப்போடயா?"

அவர் அந்தக் காலைப் பெஞ்சுக்குக் கீழ இழுத்துக்கொண்டார். பூரணத்துக்குப் பொறுக்க ஏலாமப் போயிட்டு. "வழமை போலத்தான் டொக்டரம்மா, இவர் பொய் சொல்லல்ல. கிளினிக் நாள் எண்டா விடிய முதல் வெளிக்கிட்டாத்தான் ஆத்தில முதல் தோணியைப் பிடிக்கலாம். வட்டைக்குள்ளால வரம்பு வரம்பா நடந்து வரவேணும். ஆனை காட்டுக்குத் திரும்பிப் போற நேரமும் அதுதான். ஒவ்வொரு தரமும் எங்கயாவது ஒரு இடத்தில நிக்கும், நாங்க மூச்சைப் பிடிச்சுக்கொண்டு சுத்தி வருவம். இண்டைக்கு வாய்க்கால் கட்டில தனியன் ஆனை ஒண்டு நிண்டது. எங்களைக் கண்டதும் எங்கட பக்கம் கிறுகிட்டு. இவர் என்னை ஒரு மருத மரத்துக்குப் பின்னால தள்ளிப்போட்டு, கையைத் தட்டிச் சத்தம் போட்டுக்கொண்டு மற்றப் பக்கம் ஓடினார். அது இவருக்குப் பின்னால போயிட்டு. முடிஞ்சிது எண்டுதான் நான் நினைச்சன்."

அவ சொல்லி முடியக்குள்ள பக்கத்தில இருந்த ஆக்களும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாங்க. போடியார் மட்டும் தன்ட சேத்துக் காலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"சிஸ்டர், அந்த ஊசியைக் கீழ வையுங்க," எண்டா பெரிய டொக்டர்.

சின்ன டொக்டர் மெதுவாச் சொன்னார். "டொக்டர், முந்நூற்றி ஐம்பதுக்கு மேல இருக்கு. போன தரமும் கூட. அதுக்கு முந்தின தரமும் கூட."

"ஓம். மூண்டு தரமும் ஒரே வழியாலதான் வந்திருக்கார்." அவ போடியார்ர நாக்கைப் பார்த்தா, நாடியைப் பிடிச்சா, சிறுநீரில கீட்டோன் இருக்கா எண்டு பாக்கச் சொன்னா. இல்ல. "ஆள் தெளிவா இருக்கார். தண்ணி குடுத்து யன்னலடியில இருத்துங்க. ரெண்டாம் குத்துக்குப் பிறகு பாப்பம்."

"பிழையாப் போனா, டொக்டர்?" எண்டார் சின்ன டொக்டர்.

"பொறுப்பு நான்தான்." கார்டில இன்சுலின் வேணாம் எண்டு எழுதி, ஒப்பமும் வெச்சா.

பிள்ளையள், மருந்து எழுதி ஒப்பம் வெக்கிற டொக்டர்மாரை நான் எத்தினையோ பேரைக் கண்டிருக்கன். கண்ணுக்கு முன்னால அவ்வளவு பெரிய எண் நிக்கக்குள்ள, சும்மா இருக்கிறதுக்கு ஒப்பம் வெக்கிற ஆளை அண்டைக்குத்தான் கண்டன். சும்மா இருக்கிறதுக்குத்தான் ஆகக் கூடின துணிச்சல் வேணும். ஏதாவது செஞ்சு பிழையாப் போனா செஞ்சு பார்த்தம் எண்டு சொல்லலாம். செய்யாமப் பிழையாப் போனா ஊரே கேக்கும்.

போடியார் யன்னலடியில குந்தினார். பூரணம் அவர்ர சாரன் சேத்தைத் தன்ட லேஞ்சியால துடைச்சுக்கொண்டு இருந்தா. சனம் குறையக் குறைய நான் போய் ரெண்டாம் தரம் குத்தினன். இருநூறுக்குக் கீழ வந்திட்டு. ஒரு துளி மருந்து குடுக்கல்ல. சின்ன டொக்டர் வந்து மெசினைக் கையில வாங்கிப் பார்த்தார். அவர்ர முகத்தைப் பாக்க எனக்குப் பாவமாவும் இருந்தது, சிரிப்பாவும் இருந்தது. சரி, கதை முடிஞ்சிது எண்டு நாங்க நினைச்சம்.

பெரிய டொக்டர் நினைக்கல்ல. "இறங்குற சீனி எங்க போய் நிக்குது எண்டு பாக்காம ஆளை விடப்படாது, சிஸ்டர். இன்னும் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க," எண்டா.

போடியாருக்குப் பொறுமை இல்ல. தோணி போயிடும் எண்டு எழும்பினார். எழும்பினவர் அப்பிடியே குந்திட்டார். நெத்தியில வேர்வை அரும்பிட்டு. கை ரெண்டும் நடுங்குது. நெஞ்சைத் தடவிக்கொண்டு வெளிறிப்போய் இருக்கார். பூரணம் அழத் தொடங்கிட்டா. "ஆனை துரத்தினது இன்னும் நெஞ்சுக்குள்ள நிக்குது," எண்டா. எனக்கும் அப்பிடித்தான் பட்டது. ஓடுற நேரம் தெரியாது, இருந்து யோசிக்கக்குள்ளதானே பயம் வரும். சின்ன டொக்டரும் அதையேதான் சொன்னார்.

போடியாரும் அதைத்தான் சொன்னார். "ஒண்டுமில்ல மிஸி. ஆனையை நினைச்சா இப்பிடித்தான் வரும். ராவில வயல் காவலுக்குப் பரண் வாடியில இருக்கக்குள்ளயும் வாறதுதான். கொஞ்சம் கண்ணை மூடிக் கிடந்தாச் சரி."

பெரிய டொக்டர் தன்ட மேசையில இருந்து எழும்பி வந்தா. "வாடியிலயும் வருமா? ஆனை வந்த ராவிலயா?"

அவர் பூரணத்தை ஒருக்காப் பார்த்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஆனை வராத ராவிலயும் வரும் டொக்டரம்மா."

அவர் சொல்லி முடிக்கல்ல, டொக்டர் அவர்ர விரலைப் பிடிச்சுக் குத்திட்டா. தானே குத்தினா, என்னைப் பாத்துக்கொண்டு நிக்கல்ல. மெசின் நாற்பத்தாறு எண்டு காட்டினது.

நான் ஓடிப்போய்க் குளுக்கோஸைக் கரைச்சன். டொக்டர் அவர்ர தலையைத் தாங்கிப் பிடிச்சுக் குடிக்கக் குடுத்தா. பூரணம் தடுத்தா. "ஐயோ டொக்டரம்மா, இவர் சீனிக்காரர்." டொக்டர் கையை எடுக்காம, "இப்ப இதுதான் அக்கா மருந்து," எண்டா. அவர் குடிச்சார். கொஞ்சம் கொஞ்சமா முகத்தில ரத்தம் வந்தது. நான் கிளாசைக் கழுவ வந்த இடத்தில அந்தக் கிண்ணம் கண்ணில பட்டது. நான் காலமை இழுத்து வெச்ச ஊசி, மருந்தோட, அப்பிடியே கிடக்குது. அதை அவருக்குப் போட்டிருந்தா, அந்த நேரம் அவர் வட்டையிலயோ தோணியிலயோ விழுந்து கிடந்திருப்பார். அதை எடுத்துத் தொட்டிக்குள்ள ஊத்திப்போட்டன்.

ஆள் தெளிஞ்ச பிறகு டொக்டர் கேட்டா. "காலமை ஊசி எப்ப போட்டீங்க, ஐயா?"

"வெளிக்கிடக்குள்ளயே போட்டுட்டன். நேரத்துக்குப் போடவேணும் எண்டு சொல்லுறீங்கதானே. தோணி பிந்தினா ஊசியும் பிந்திடும்."

"சாப்பாடு?"

"வெறும் வயித்தோட வரச் சொல்லுறீங்கதானே."

ரெண்டும் எங்கட வாயால வந்த சொல்லுத்தான். ரெண்டையும் ஒரு சொல்லுத் தப்பாமக் கேட்ட மனிசன் அவர். ஊசியும் போட்டு, வயிறும் வெறுமையா, ஆனையும் துரத்தி வந்திருக்கார். பயம் இருந்த வரைக்கும் கணையம் கையை மடக்கிக்கொண்டு நிண்டது, ஈரல் சீனியை அள்ளிக் கொட்டினது, அதால எண் ஏறினது. பெஞ்சில குந்திப் பயம் தணிய, கணையம் கையை விரிச்சிட்டு. குளிசை அதை இன்னும் பிழிஞ்சது. தொடையில போட்ட ஊசியும் தன்ட வேலையைக் காட்டினது. தாங்கிப் பிடிக்க வயித்தில ஒரு பருக்கை சோறு இல்ல.

அது அண்டைக்கு நடந்தது. ராவில நடந்ததை யோசிச்சுப் பாருங்க. ஆனை துரத்தின சீனியைப் பார்த்து நாங்க ஊசியைக் கூட்டிக் கூட்டிக் குடுத்தம். ஆனை வராத ராக்களில அந்த ஊசி அவருக்குக் கூடிப்போயிட்டு. சீனி இறங்கினா உடம்பு என்ன செய்யும் எண்டு உங்களுக்குத் தெரியும். ஈரலை எழுப்ப அதே அட்ரினலினைத்தான் அனுப்பும். அதே வேர்வை, அதே நடுக்கம், அதே நெஞ்சிடி. வேற ஆள் எண்டா எனக்கு என்னவோ செய்யுது எண்டு சத்தம் போட்டிருப்பான். இவர் இருந்தது ஆனைக் காவலில. நடுக்கம் வந்தா அது பயம் எண்டுதானே நினைப்பார்? வெடி கொளுத்துற வேலாப்போடிக்கு நடுக்கம் எண்டு வட்டைக்குள்ள விசளம் பரவினா வெக்கம் எண்டு, பூரணத்துக்கும் சொல்லாம, பல்லைக் கடிச்சுக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்திருக்கார். ஒவ்வொரு தரமும் சாவுக்குக் கிட்டப் போய் வந்திருக்கார், தன்னைக் கோழை எண்டு நினைச்சுக்கொண்டு.

டொக்டர் மேசைக்குப் பின்னால போகாம, அவருக்குப் பக்கத்தில பெஞ்சிலயே குந்தினா. எல்லாரும் கேக்கத்தான் சொன்னா. "ஐயா, வாடியில உங்களுக்கு வந்தது பயம் இல்ல. சீனி இறங்கினது. நாங்க தந்த ஊசி கூடிப்போயிட்டு."

போடியார் அவவையே பார்த்தார். மறுகாக் கேட்டார். "அப்ப நான் பயந்தாங்கொள்ளி இல்லயா, டொக்டரம்மா?"

டொக்டர்மாரிட்ட ஆக்கள் கேக்கிற கேள்வியை எல்லாம் நான் கேட்டிருக்கன். காலை வெட்டுவீங்களா, கண் தெரியாமப் போகுமா, இன்னும் எத்தினை நாள் இருப்பன் எண்டெல்லாம் கேப்பாங்க. இப்பிடி ஒரு கேள்வியை நான் கேட்டதில்ல. அந்தக் கேள்வியை எவ்வளவு காலமா அந்த மனிசன் நெஞ்சுக்குள்ள வெச்சுக்கொண்டு வரம்பில நடந்திருக்கார்.

"அதை என்னட்டக் கேக்காதீங்க," எண்டா டொக்டர். "மருத மரத்துக்குப் பின்னால நிண்ட ஆளைக் கேளுங்க."

பூரணம் சாரித் தலைப்பால முகத்தைப் பொத்திக்கொண்டா. டொக்டர் அவர்ர தோளில கையை வெச்சா. "இண்டைக்கு விடியக்காலமை வந்தது பயம்தான் ஐயா, அதில வெக்கப்பட ஒண்டும் இல்ல. அந்தப் பயம்தான் உங்கட காலுக்குச் சீனியைக் குடுத்து ஓட வெச்சது. அது இல்லாட்டி நீங்க இஞ்ச இருக்கமாட்டீங்க."

நான் திரைக்குப் பின்னால போய் மருந்துப் போத்தலை அடுக்கினன். அடுக்கி இருந்த போத்தலைத்தான் திருப்பி அடுக்கினன். அழுகை வந்திட்டு, வேற என்ன செய்யிறது.

அண்டைக்கு அவரை வார்டில மறிச்சம். பெரிய டொக்டர் ஊசியைப் பாதியாக் குறைச்சு எழுதினா. கார்டைப் பார்த்தா, மேல இருக்கிற எண் முந்நூற்றி ஐம்பதுக்கு மேல, கீழ ஊசி பாதி. வேற ஒரு டொக்டர் பார்த்தா பைத்தியம் எண்டுதான் சொல்லியிருப்பார். வார்டில இருந்த நாளெல்லாம் போடியார்ர சீனி ஒழுங்கா நிண்டது. துரத்த அங்க ஆனை இல்லையே. சின்ன டொக்டர் ஒவ்வொரு வேளையும் தானே போய் மெசினைப் பார்த்திட்டு வருவார். அடுத்த கிளினிக்கில அவர்ர மேசைப் பக்கம் இருந்து "எப்படி வந்தீங்க?" எண்டு ஒரு சத்தம் கேட்டது. நான் பெரிய டொக்டரைப் பார்த்தன். அவ கேக்காதது போல எழுதிக்கொண்டு இருந்தா.

அதுக்குப் பிறகு ஆத்துக்கு அங்கால இருந்து வாற ஆக்களுக்கு வெள்ளணக் கிளினிக்கை நிப்பாட்டினம். வெயில் ஏறின பிறகு வாங்க, சாப்பிட்டுப்போட்டு வாங்க எண்டு சொன்னம். ஊசி போட்டா சோறும் தின்னவேணும் எண்டு ரெண்டையும் ஒரே வாக்கியத்தில சொல்லப் பழகினம். இப்ப நீங்க செய்யிற ஒழுங்கெல்லாம் அப்பிடி வந்ததுதான்.

அந்தக் குனிஞ்ச தலைக்காரியை மறந்திட்டன் எண்டு நினைக்காதீங்க. நான் அவவுக்குக் கிட்ட ஒதுங்கி, "எப்படி வந்தீங்க மகள்?" எண்டு கேட்டன். அவ பனிச்சங்கேணி ஊர்க்காரி. அவட மனிசன் ராவு வாவிக்கு வலை போடப் போனவராம். இவ வெளிக்கிடும் மட்டும் கரைக்கு வரல்ல, போனும் வேலை செய்யல்ல. கிளினிக்கை விட்டா மருந்து இல்ல எண்டு பஸ் ஏறி வந்திருக்கா. நாங்க கதைச்சுக்கொண்டு இருக்கக்குள்ளயே அவட போன் அடிச்சது. "வந்திட்டாராம்," எண்டா. அவட முகத்தைப் பார்த்த எனக்கு, உங்கட மெசினைப் பறிச்சு ரெண்டாம் குத்துக் குத்திப் பாக்கவேணும் போல இருந்தது. பென்சன்காரி எண்டபடியால சும்மா இருந்தன்.

நீங்க தொதல் தின்னுட்டு வாற கள்ளியளை அதட்டுங்க. ஆனா அதட்ட முதல் வந்த வழியைக் கேளுங்க. கேக்க ஸ்ட்ரிப் தேவையில்ல.

போடியார் அடுத்த தரம் மத்தியானத் தோணியில வந்தார், ரெண்டு காலிலயும் செருப்போட. நான் விரலைக் குத்தினன், சீனி நல்லா இருந்தது. வாடியில கையோட ஒரு போத்தல் சீனி வெச்சுக்கொள்ளவேணும், நடுக்கம் வந்தா உடனே கரைச்சுக் குடிக்கவேணும் எண்டு டொக்டர் சொல்லி விட்டிருந்தா. நான் விசாரிச்சன்.

"நடுக்கம் வந்ததா போடியார்?"

"ஒருக்கா வந்தது மிஸி. சீனித் தண்ணி குடிச்சன்."

"நிண்டிட்டா?"

"இல்ல. குடிச்சும் நிக்கல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கார்டை வெச்சுப்போட்டுக் கேட்டன். "நிக்கல்லயா? மறுகா என்ன செஞ்சீங்க?"

"மறுகா டோர்ச்சை அடிச்சுப் பார்த்தன். பரணுக்குக் கீழ ஆனை நிண்டது," எண்டார். "அது சுத்தப் பயம் மிஸி."

சொல்லிப்போட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டொக்டர்ர மேசைக்குப் போனார்.